பித்தளைப் பட்டறையும் அப்பாவின் மறதியும்

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் ஐயா, நான் கும்பகோணம் அருகே ஓர் அரசுப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. அப்பாவுக்கு 74 வயது. இளவயதில் கும்பகோணத்தில் பாத்திரம் தட்டும் பட்டறையில் வேலை பார்த்தவர்; பிறகு நாச்சியார்கோவிலில் சொந்தமாகக் குத்துவிளக்கு வார்ப்புப் பட்டறை வைத்தார். ஆறு வருடங்களுக்கு முன் அதைத் தம்பியிடம் ஒப்படைத்தார். இரண்டு வருடமாக மறதி. கேட்டதையே கேட்கிறார். கூலிக் கணக்கு பிசகுகிறது. போன மாதம் கடைத்தெருவிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றுவிட்டார். கூப்பிட்டால் திரும்புவதில்லை, டிவியை மட்டும் தெருவே கேட்கும்படி வைக்கிறார். சர்க்கரைக்கு 12 வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். சுத்த சைவம். நரம்பியல் மருத்துவர் ஸ்கேன் பார்த்து அல்சைமர் என்று சொல்லி டொனெபெசில் கொடுத்திருக்கிறார்.

செம்பும் துத்தநாகமும் மூளையில் அமிலாய்ட் புரதத்தைத் திரள வைக்கின்றன என்று படித்தேன். பித்தளை என்பதே செம்பும் துத்தநாகமும்தானே! ஒரு தனியார் மையத்தில் அப்பாவின் தலைமுடியைச் சோதித்துவிட்டு, செம்பு, துத்தநாகம், அலுமினியம் மூன்றும் அதிகம் என்றார்கள். உலோகத்தை வெளியேற்ற ஈடிடிஏ ட்ரிப் 20 முறை ஏற்ற வேண்டுமாம். ஒன்றுக்கு 5,000 ரூபாய். அம்மா பயந்துபோய் ரசம் வைக்கும் ஈயச்செம்பு, அலுமினியப் பாத்திரம், செம்புக் குடம் எல்லாவற்றையும் பரணில் ஏற்றிவிட்டார். தம்பி பட்டறையை மூடிவிடவா என்கிறான். அவனுக்கு இரண்டு சிறு பிள்ளைகள். தொழில்தான் அப்பாவை இப்படி ஆக்கியதா? எங்களுக்கும் வருமா?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

ட்ரிப் வேண்டாம். விளக்கமெல்லாம் பிறகு, ஒரு லட்சம் ரூபாய் விஷயம் என்பதால் இதை முதலில் எழுதிவிடுகிறேன். முன்பணம் கட்டியிருந்தால் திரும்பக் கேளுங்கள். பட்டறையை மூடவும் வேண்டாம். ஆனால் அங்கே கவனிக்க வேண்டிய உலோகம் ஒன்று இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அதன் பெயரே இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

நீங்கள் படித்தது பொய்யல்ல. நல்ல ஆய்வகங்கள் முப்பது ஆண்டுகளாக மெனக்கெட்ட விஷயம் அது. உங்கள் பாடமே வேதியியல் என்பதால், நோயாளியின் வீட்டாருக்கு வழக்கமாகச் சொல்வதைவிடச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நரம்புச் செல்லின் சவ்வில் பதிந்திருக்கும் ஒரு பெரிய புரதத்தை இரண்டு நொதிகள் ஆளுக்கொரு இடத்தில் வெட்டுகின்றன. நடுவில் விழும் துண்டுதான் அமிலாய்ட் பீட்டா. நீளம் பெரும்பாலும் 40 அல்லது 42 அமினோ அமிலங்கள். உங்கள் மூளையிலும் என் மூளையிலும் இது தினமும் உருவாகிறது, தினமும் அப்புறப்படுத்தப்படுகிறது. அல்சைமர் நோயில் இது தேங்குகிறது. 42 நீளமுள்ள துண்டுக்கு ஒட்டும் குணம் அதிகம். முதலில் சிறு சிறு கூட்டங்கள், பிறகு நார்கள், கடைசியில் செல்களுக்கு வெளியே படிவுகள். செல்லுக்கு உள்ளே டாவ் என்ற வேறொரு புரதம் முறுக்கிக்கொண்டு சிக்கலாகிறது. ஐம்பதுகளிலேயே நினைவு குலைந்து இறந்துபோன ஒரு பெண்ணின் மூளையில் இந்த இரண்டையும் பார்த்து, 1906இல் ஜெர்மனியில் ஒரு மருத்துவர் கூட்டத்தில் விவரித்தவர்தான் அலோய்ஸ் அல்சைமர்.

உலோகம் எங்கே நுழைகிறது? அந்த 42 அமினோ அமிலங்களில் 6, 13, 14ஆம் இடங்களில் ஹிஸ்டிடின் இருக்கிறது. அதன் இமிடசோல் வளையத்து நைட்ரஜன், செம்பு அயனியையும் துத்தநாக அயனியையும் பிடித்துக்கொள்ளும். அணைவுச் சேர்மங்கள் பாடத்தில் ஈனி என்று நடத்துவீர்களே, அதேதான். 1994இல் ஆஷ்லி புஷ், ருடால்ஃப் டான்ஸி ஆகியோரின் பாஸ்டன் குழு, கரைசலில் துத்தநாகம் சேர்த்தவுடன் அமிலாய்ட் மளமளவென்று திரள்வதைக் காட்டியது. கரைசல் சற்று அமிலமானால் செம்பும் அந்த வேலையைச் செய்கிறது என்பது பிறகு தெரிந்தது. செம்பைப் பிடித்த அமிலாய்ட், ஆக்சிஜனிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும்; அது செல்லுக்குக் கேடு. இன்னொரு தடயம் எலியிடமிருந்து கிடைத்தது. எலியின் அமிலாய்டில் மூன்றே மூன்று அமினோ அமிலங்கள் நம்முடையதிலிருந்து வேறு. அவற்றில் ஒன்று 13ஆம் இடம். ஹிஸ்டிடினுக்குப் பதில் ஆர்ஜினின். எலிக்கு எவ்வளவு வயதானாலும் இயல்பாக இந்தப் படிவு வருவதில்லை. இறந்த நோயாளிகளின் மூளையை அளந்து பார்த்தபோதும், படிவுகளில் செம்பு, துத்தநாகம், இரும்பு மூன்றும் செறிந்திருந்தன.

இதையெல்லாம் படித்தால் யாருக்கும் உங்களுக்கு வந்த சந்தேகம்தான் வரும். நீங்கள் தாண்டிய படி ஒன்று உண்டு. அந்த உலோகம் எங்கிருந்து வந்தது?

பட்டறையிலிருந்து வரவில்லை. மூளைக்கு அது சொந்தச் சரக்கு. குளுட்டமேட் என்ற வேதித்தூதுவனை வெளியிடும் பல நரம்பு முனைகளில், குட்டிப் பைகளுக்குள் துத்தநாகம் நிரப்பி வைக்கப்பட்டிருக்கிறது. செய்தி போகும்போதெல்லாம் அதுவும் வெளியே வருகிறது. மனித அமிலாய்ட் மரபணுவைப் புகுத்திய சுண்டெலிகளில், இந்தப் பைகளுக்குத் துத்தநாகம் ஏற்றும் புரதத்தை நீக்கிப் பார்த்தார்கள். படிவு குறைந்தது. அந்தச் சுண்டெலிகள் எந்தப் பட்டறையிலும் வேலை பார்க்கவில்லை. ரத்தத்திலிருந்து மூளைக்குச் செம்போ துத்தநாகமோ இஷ்டத்துக்கு நுழைய முடியாது. ரத்தக் குழாய்ச் சுவரில் காவல் பலமானது, அதற்கென்று உள்ள கடத்திப் புரதங்கள் வழியாகத்தான் போக வேண்டும். உடலில் செம்பு நிஜமாகவே கட்டுமீறிச் சேரும் ஒரு பரம்பரை நோய் இருக்கிறது: வில்சன் நோய். அதில் கல்லீரல் கெடும், கை நடுங்கும், பேச்சு குழறும், மனநிலை மாறும். உங்கள் அப்பாவுக்கு வந்திருப்பது அந்தச் சாயலில் இல்லை.

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. மேட்டூரில் திறந்த தண்ணீர் தலைமடையில் தேங்கி நிற்கும். கடைமடையில் நாற்றங்கால் காயும். அதைப் பார்த்துவிட்டு ஆற்றில் தண்ணீர் அதிகம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். இந்த நோயிலும் கோளாறு பங்கீட்டில். படிவுகளில் செம்பு குவிந்திருக்கிறது. ஆனால் மூளைத் திசுவை மொத்தமாக எடுத்து அளந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், செம்பு இயல்பைவிடக் குறைவு. படிவில் கிடக்கும் செம்பு, பக்கத்துச் செல்லுக்குப் பயன்படாமல் கிடக்கிறது.

முதலில் உலோகம் வந்து படிவை உண்டாக்கியதா, படிவு உண்டான பிறகு உலோகத்தை இழுத்துக்கொண்டதா என்ற கேள்வியும் தீரவில்லை. உலோக அயனிகளையெல்லாம் கட்டிப்போட்ட கரைசலிலும் அமிலாய்ட் தானாகவே நாராகிறது. 2015இல் ஸ்வீடனில் செய்த சோதனையில், புரதத்தைவிடக் குறைந்த அளவு துத்தநாகம் சேர்த்தபோது நார் உருவாவது தாமதப்பட்டது. ஒரே உலோகம், அளவைப் பொறுத்து ஒரு பக்கம் திரட்டுகிறது, ஒரு பக்கம் தடுக்கிறது. சோதனைக்குழாயில் நடந்ததை அப்படியே பட்டறைக்கும் பரணுக்கும் கொண்டுபோக முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, காரணம் எதுவானாலும் போகட்டும், உலோகத்தை எடுத்துவிட்டால் நோய் குறையுமா? அதையும் மனிதர்களிடமே செய்து பார்த்துவிட்டார்கள். உங்கள் மையத்தார் இந்த வரலாற்றைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கிளியோக்வினால் என்று ஒரு பழைய வயிற்றுப்போக்கு மருந்து. ஜப்பானில் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கால் நரம்பும் கண் நரம்பும் கெட்டதால் 1970இல் அங்கே விற்பனையை நிறுத்தினார்கள். அது செம்பையும் துத்தநாகத்தையும் பிடிக்கும். 2001இல் சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, ஒன்பது வாரத்தில் மூளைப் படிவு பாதியாகக் குறைந்தது. பெரிய பரபரப்பு. அதன் வாரிசாக பிபிடி2 என்ற மூலக்கூறு வந்தது. இது உலோகத்தை உடலிலிருந்து வெளியேற்றுவதற்காக அல்ல, படிவிலிருந்து எடுத்துச் செல்லுக்குள் திருப்பிவிடுவதற்காக வடிவமைத்தது. பங்கீட்டைச் சரிசெய்யும் புத்திசாலித்தனமான யோசனை. 78 நோயாளிகளிடம் 12 வாரம் சோதித்த முடிவு 2008இல் வந்தது. தண்டுவட நீரில் அமிலாய்ட் கொஞ்சம் இறங்கியது, சில சிந்தனைத் தேர்வுகளில் முன்னேற்றம் தெரிந்தது. அடுத்து ஓராண்டு நீண்ட ஆய்வு. 2014இல் முடிவு வந்தபோது, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட எதிலும் தெளிவான நன்மை இல்லை. கதை அங்கே நின்றது.

இரும்பின் கதை இன்னும் கசப்பானது. தலசீமியா என்ற ரத்த நோயுள்ள குழந்தைகளுக்கு, உடலில் சேரும் இரும்பை வெளியேற்றக் கொடுக்கும் டெஃபெரிப்ரோன் மருந்தை, தொடக்கநிலை அல்சைமர் நோயாளிகளுக்கு ஓராண்டு கொடுத்த ஆய்வின் முடிவு 2024இல் வந்தது. ஆய்வில் இருந்தவர்கள் 81 பேர். மருந்து தன் வேலையைச் சரியாகவே செய்தது: நினைவுக்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸ் பகுதியில் இரும்பு குறைந்ததை எம்ஆர்ஐயில் பார்த்தார்கள். ஆனால் மருந்து சாப்பிட்டவர்களின் அறிவுத்திறன், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட வேகமாகச் சரிந்தது. அந்த இரும்பு அங்கே ஏதோ வேலையாகத்தான் இருந்திருக்கிறது.

மையத்தார் 1991ஆம் ஆண்டின் கனடா ஆய்வு ஒன்றைக் காட்டலாம். அதில் இருந்த 48 பேரில், உலோகத்தைப் பிடிக்கும் டெஸ்ஃபெரியாக்சமின் ஊசி போட்டவர்களுக்கு நோயின் வேகம் தணிந்தது என்பார்கள். அச்சில் வந்தது உண்மை. சிறிய ஆய்வு, அதன்பின் பெரிய அளவில் யாரும் அதை மெய்ப்பிக்கவில்லை. மேலும் உங்கள் அப்பாவுக்கு ஏற்றப்போவது அந்த மருந்துகூட இல்லை, ஈடிடிஏ. தண்ணீரின் கடினத்தன்மையை அளக்க, ஆய்வகத்தில் மாணவர்களை வைத்துத் தரம் பார்ப்பீர்களே, அதே ஈடிடிஏ. அது கால்சியத்தையும் பிடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவில் 2003 முதல் 2005 வரை, இந்த ட்ரிப்பால் ரத்தக் கால்சியம் சரிந்து மூன்று பேர் இறந்திருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் குழந்தைகள். இத்தனைக்கும் ஈடிடிஏ மூளைக்குள் சரியாக நுழைவதுகூட இல்லை. சர்க்கரை உள்ள 74 வயதுக்காரரின் சிறுநீரகத்தை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது.

தலைமுடிச் சோதனை பற்றி ஒரே வரி: பித்தளைத் தூசு பறக்கும் வீட்டில் யார் முடியை வெட்டிச் சோதித்தாலும் செம்பும் துத்தநாகமும் இருக்கும், அது முடியின் மேல் இருப்பது, மூளையில் இருப்பதல்ல. இனி வேறு யாராவது உலோகத்தை இழுக்கும் ஒரு மருந்தைக் கொடுத்துவிட்டுச் சிறுநீரில் உலோகம் பார்க்கலாம் என்றாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த மருந்து கொடுத்தால் எனக்கும்தான் உலோகம் வெளியே வரும்.

அலுமினியம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தப் பயம்தான் எல்லாவற்றுக்கும் மூத்தது. 1965இல் முயலின் மூளையில் அலுமினிய உப்பைச் செலுத்தியபோது நரம்புச் செல்களுக்குள் நார்ச்சிக்கல் தோன்றியது. அல்சைமரின் சிக்கலைப் போலவே தெரிந்தது. பிறகு உற்றுப் பார்த்ததில் நாரின் அமைப்பே வேறு. 1970களில் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு, டயாலிசிஸுக்குப் பயன்படுத்திய தண்ணீரில் இருந்த அலுமினியத்தால் பேச்சும் புத்தியும் குழம்பின. அதுவும் தனி நோய். படிவின் மையத்தில் அலுமினியம் இருப்பதாக வந்த செய்திகளை, 1992இல் சாயம் ஏற்றாத மூளைத் துண்டுகளை வைத்துச் சோதித்தார்கள், அலுமினியம் இல்லை. முன்பு தெரிந்ததில் ஒரு பகுதியாவது ஆய்வகத்து வேதிப்பொருட்களில் கலந்திருந்த அசுத்தம். நாம் விழுங்கும் அலுமினியத்தில் நூற்றில் ஒரு பங்குகூட ரத்தத்தில் ஏறுவதில்லை. ஏறியதைச் சிறுநீரகம் தள்ளிவிடும். அதனால் அம்மா சோற்றுப் பானையைப் பரணிலிருந்து இறக்கலாம். புளிக்குழம்பையும் தக்காளி ரசத்தையும் மட்டும் அலுமினியத்தில் இரவு முழுக்க வைக்க வேண்டாம்.

இப்போது அப்பாவுக்கு வருவோம். கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய இரண்டு விஷயங்களில்தான் என் கண் நின்றது.

முதலாவது டிவிச் சத்தம். பாத்திரம் தட்டும் பட்டறையில் இளமையைக் கழித்தவருக்குக் காது மிஞ்சியிருந்தால்தான் ஆச்சரியம். காதடைப்பான் என்ற ஒன்றை அந்தத் தலைமுறை பார்த்ததேயில்லை. கேட்கும் திறன் இழப்பது, தடுக்கக்கூடிய மறதிக் காரணங்களில் முக்கியமான ஒன்று. 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் அப்படிப்பட்ட 14 காரணங்களைப் பட்டியலிட்டது. எல்லாவற்றையும் சரிசெய்தால் உலகில் மறதி நோயில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்பது அதன் கணக்கு. அந்தப் பட்டியலில் சர்க்கரை, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, பார்வைக் குறை, புகை, தனிமை, காற்று மாசு எல்லாம் உண்டு. செம்பு இல்லை, துத்தநாகம் இல்லை, அலுமினியமும் இல்லை. உங்கள் அப்பாவின் தொழில் அவர் மூளைக்கு ஏதாவது கெடுதல் செய்திருந்தால், உருகிய பித்தளையைவிடச் சுத்தியல் சத்தத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம்.

காது கருவி மறதியைக் குணமாக்கும் என்று சொல்லமாட்டேன். அமெரிக்காவில் 70 முதல் 84 வயதுள்ள 977 பேரிடம் நடந்து, 2023இல் முடிவு வந்த ஆய்வில், மொத்தக் குழுவில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஆபத்துக் காரணங்கள் அதிகம் இருந்த பிரிவினரில், மூன்றாண்டுகளில் அறிவுத்திறன் சரியும் வேகம் 48 சதவீதம் குறைந்தது. அவர்கள் யாருக்கும் அதுவரை மறதி நோய் வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு இதன் பயன் வேறு. கேள்வியே காதில் விழாதவர் பதிலை எப்படி நினைவில் வைப்பார்? அவர் ‘மறந்தது’ என்று நீங்கள் நினைப்பதில் ஒரு பங்கு, அவர் கேட்காததாக இருக்கலாம். நினைவுத் தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணும் அதனால் குறைந்திருக்கலாம். தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எதிலாவது காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஆடியோகிராம் எடுங்கள். போவதற்கு முன் காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சில சமயம் அவ்வளவுதான் விஷயம்.

இரண்டாவது, மெட்ஃபார்மினும் சைவமும். வைட்டமின் பி12 ஏறக்குறைய முழுவதும் விலங்குணவிலிருந்து வருவது. சைவர்களுக்குப் பாலும் தயிரும்தான் வழி. மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டால் அந்தக் கொஞ்சமும் குடலில் சரியாக ஏறாமல் போகலாம். பி12 குறைந்தால் மறதி, குழப்பம், கால் மரத்துப்போதல், தள்ளாட்டம் எல்லாம் வரும். அந்த வைட்டமினின் நடுவில் உட்கார்ந்திருப்பது ஒரு கோபால்ட் அணு. உலோகம்தான் பார்ப்பேன் என்று அடம்பிடித்தால் அப்பாவுக்கு அந்த உலோகத்தைப் பாருங்கள். கூடுகிறதா என்று அல்ல, குறைகிறதா என்று. கூடவே தைராய்டு, ரத்த அழுத்தம், மூன்று மாதச் சராசரி சர்க்கரை. கடந்த ஆண்டில் எங்காவது தவறி விழுந்தாரா என்றும் அம்மாவிடம் கேளுங்கள். மண்டைக்குள் மெதுவாகக் கசியும் ரத்தமும் மறதி வேஷம் போடும். ஸ்கேன் எடுத்த தேதி விழுந்ததற்கு முந்தையதா என்பது அப்போது முக்கியம். இவற்றில் எது சரியானாலும் அல்சைமர் போய்விடாது. ஆனால் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் சுமை இறங்கும். வீட்டில் அது நன்றாகவே தெரியும்.

டொனெபெசில் தொடரட்டும். அது நோயை நிறுத்தாது, சிலருக்குச் சில காலம் கைகொடுக்கும். நாடித் துடிப்பு குறைகிறதா, பசி குறைகிறதா என்று கவனியுங்கள். அமிலாய்டையே நேரடியாக நீக்கும் லெக்கனமேப் பற்றியும் படித்திருப்பீர்கள். 18 மாதத்தில் நோயின் வேகத்தை 27 சதவீதம் குறைத்தது. 18 புள்ளி அளவுகோலில் அந்த வித்தியாசம் அரைப் புள்ளிகூட இல்லை. மூளை வீக்கம், ரத்தக்கசிவு வருகிறதா என்று அடிக்கடி எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். மிக ஆரம்ப நிலைக்கான மருந்து அது. வழி தவறி நிற்கும் நிலையில் உள்ளவருக்கு நான் எழுதித் தரமாட்டேன். 2025இல் லித்தியம் பற்றி ஒரு செய்தி வந்தது: அல்சைமர் மூளையில் லித்தியம் குறைகிறது, மிஞ்சியதையும் அமிலாய்ட் படிவு பிடித்துவைத்துக்கொள்கிறது, லித்தியம் ஒரோடேட் கொடுத்த சுண்டெலிகள் தேறின. எனக்கும் அது சுவாரசியமான செய்திதான். ஆனால் சுண்டெலிச் செய்தி. இணையத்தில் வாங்கி அப்பாவுக்குக் கொடுத்துவிடாதீர்கள். வயதானவரின் சிறுநீரகத்தையும் தைராய்டையும் லித்தியம் சும்மா விடாது.

உங்களுக்கு வருமா என்று கேட்டிருந்தீர்கள். எழுபது வயதுக்கு மேல் தொடங்கிய அல்சைமர் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், பிள்ளைகளுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடும், உறுதியில்லை. ஏபிஓஇ4 என்ற மரபணு வகையைச் சோதித்துச் சொல்கிறோம் என்று சிலர் விளம்பரம் செய்கிறார்கள். அது இருந்தும் நோய் வராதவர் உண்டு, இல்லாமலே வந்தவரும் உண்டு. அந்தப் பணத்தில் ஒரு ரத்த அழுத்தக் கருவி வாங்கி வீட்டில் வையுங்கள்.

தம்பிதான் எனக்கு இப்போது அவசரம். பித்தளை உருகுவது ஏறக்குறைய 900 டிகிரிக்கு மேல்; துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்துவிடும். உலோகம் உருக்கும் மூசையிலிருந்து எழும் வெள்ளைப் புகை துத்தநாக ஆக்சைடு. அதை நிறைய இழுத்தால் இரவில் குளிரும் காய்ச்சலும் வந்து, ஓரிரு நாளில் போய்விடும். அப்பாவைக் கேட்டால் சொல்வார், பழைய விஷயங்கள் அவருக்கு நினைவிருக்கும். அந்தப் புகையில் கண்ணுக்குத் தெரியாமல் இன்னொன்றும் இருக்கலாம். பழைய குழாய், வால்வு, மோட்டார் உதிரி என்று வரும் கழிவுப் பித்தளையில், கடைசலுக்கு இலகுவாக இருப்பதற்காகக் காரீயம் கலந்திருப்பார்கள். உருக்கும்போது அது ஆவியாகிறது, கடைசல் தூளிலும் இருக்கிறது. கடிதத்தில் இல்லாத உலோகம் இதுதான். காரீயம் அல்சைமரை உண்டாக்குகிறது என்று அடித்துச் சொல்ல ஆதாரம் போதாது. பயப்படுவதற்கு அது தேவையும் இல்லை. பெரியவர்களுக்கு ரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், நரம்பைத் தாக்கும். பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை மிகக் குறைந்த அளவிலேயே பாதிக்கும். தம்பியின் சட்டையிலும் தலையிலும் ஏறி வீட்டுக்கு வரும் தூசு போதும்.

தம்பிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் ரத்தக் காரீயம் சோதியுங்கள். முடியில் அல்ல, கையில் குத்தி எடுக்கும் ரத்தத்தில். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். அப்பாவுக்கும் ஒருமுறை பார்க்கலாம். ஆனால் பழைய காரீயம் எலும்பில் ஒளிந்திருக்கும், ரத்தம் சமீபத்தியதைத்தான் காட்டும். பட்டறையில் என்ன செய்யலாம் என்றால், உலைக்கு மேல் புகையை வெளியே இழுக்கும் விசிறிக் குழாய் வேண்டும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத கழிவுப் பித்தளையைத் தவிர்த்து, கலவை தெரிந்த பாளம் வாங்கலாம். விலை கூடும், தம்பி முணுமுணுப்பான், பரவாயில்லை. தூளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பட்டறைக்குள் டீயும் வெற்றிலையும் வேண்டாம். குளித்து உடை மாற்றிய பிறகு பிள்ளைகளைத் தூக்கட்டும். பட்டறைத் துணியைத் தனியாகத் துவையுங்கள். காதில் அடைப்பான், இது இன்றைக்கே.

அம்மாவின் ஈயச்செம்பிலும் இதே காரீயம்தான் கேள்வி. அந்தப் பாத்திரம் அசல் வெள்ளீயமாக இருந்தால் ரசத்துக்குப் பயமில்லை. காரீயம் கலந்திருந்தால் புளியும் தக்காளியும் அதைக் கரைத்துவிடும். வளைத்துப் பார்ப்பது, காகிதத்தில் தேய்த்துக் கறுப்பு விழுகிறதா என்று பார்ப்பது எல்லாம் கடைக்காரர்கள் சொல்லும் உபாயங்கள்; கலவையில் அவை ஏமாற்றும். எக்ஸ்-கதிர் கருவியில் உலோகக் கலவை பார்க்கும் இடத்தில் கொடுத்து அறிந்த பிறகு இறக்கச் சொல்லுங்கள், அதுவரை பரணிலேயே இருக்கட்டும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வருபவரிடமும் என்ன ஈயம் என்று கேளுங்கள். செம்புக் குடத்தில் குடிதண்ணீர் வைக்கலாம். பாலும் மோரும் எலுமிச்சைச் சாறும் ஊற்றக் கூடாது. ஈயம் பூசாத பித்தளையில் காய்ச்சிவைத்த பாலைக் குடித்த குழந்தைகளின் கல்லீரல் கெட்டது நம் நாட்டிலேயே, புனே பக்கத்து ஆய்வுகளில் 1980களில் பதிவாகியிருக்கிறது.